புதுக் குளத்துத் தண்ணீர் எங்கே போகிறது? ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

உச்சிப்புளிக்கும் பாக் நீரிணைக் கரைக்கும் நடுவே இருக்கிறது அந்த ஊர். பெயர் இங்கே தேவையில்லை. பழைய ஊருணி தூர்ந்துபோக, பக்கத்திலேயே 6 ஹெக்டேரில் புதிதாக ஒரு நீர்த்தேக்கம் வெட்டினார்கள். நிறைந்தால் 3 மீட்டர் ஆழம். கரைக்கு உள்பக்கம் கல் பதித்துச் செங்குத்தாகவே நிறுத்தியிருந்ததால், நீர் இறங்கினாலும் பரப்பு பெரிதாகக் குறையாது. அடியில் கடல் மணல். அதன்மேல் உள்நாட்டுக் கண்மாயிலிருந்து களிமண் கொண்டுவந்து ஒரு அடி கனத்துக்குப் பரப்பி, ரோலர் விட்டு அழுத்தியிருந்தார்கள். வடகிழக்குப் பருவமழையில் குளம் நிறைந்தது. நிறைந்த கையோடு இறங்கவும் தொடங்கியது.

"சார், தண்ணிய மண்ணு குடிக்குது சார். அடியில ஷீட்டு விரிச்சாத்தான் நிக்கும்" என்றார் ஊர்த் தலைவர். டிசம்பரில் ஒரு நாளைக்கு 22 மி.மீ. வரை இறக்கம் இருந்தது. அதைப் பார்த்து அவர் பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் 6 ஹெக்டேருக்கு பிளாஸ்டிக் விரிப்பு என்பது ஊர்ப் பணத்தை மொத்தமாக விழுங்கும் வேலை. அதில் கை வைப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். போகிற தண்ணீரில் மண்ணுக்குள் இறங்குவது எவ்வளவு, வெயிலும் காற்றும் கொண்டுபோவது எவ்வளவு? இரண்டையும் பிரிக்காமல் மொத்தத்தையும் "கசிவு" என்று எழுதிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. நோய் வேறு, மருந்து வேறாகிவிடும்.

(கணக்கு எளிதில் பிடிபட வேண்டும் என்பதற்காகக் கீழே வரும் அளவுகளைச் சுற்று எண்ணாக்கியிருக்கிறேன்.)

முதல் சில வாரங்களை ஏன் விட்டுவிட வேண்டும்

புதுப் பானையில் ஊற்றிய முதல் தண்ணீரைப் பானையே குடித்துவிடும். புதுக் குளமும் அப்படித்தான். காய்ந்து கிடந்த களிமண் ஊறி உப்பி, வெடிப்புகள் மூடும்வரை கசிவு கூடுதலாகவே இருக்கும். களிமண் விரிப்புக்கு அடியிலும் கரைக்குள்ளும் இருக்கிற மணலில் காற்று நிரம்பிய இடைவெளி நிறைய. நிலத்தடி நீர்மட்டம் குளத்தின் அடியிலிருந்து 2 மீட்டர் கீழே இருக்கிறது என்றும், அந்த மணலில் நூற்றுக்கு 20 பங்கு இன்னும் தண்ணீர் ஏறக்கூடிய இடம் என்றும் வைத்துக்கொண்டால், அதை நிரப்பவே 40 செ.மீ. நீர் வேண்டும். 6 ஹெக்டேருக்கு அது 24,000 கன மீட்டர். இது ஒருமுறைச் செலவு. அடுத்த மழைக்காலம் வரை அடிமண் ஓரளவு ஈரமாகவே இருந்தால், அடுத்த ஆண்டு இவ்வளவு கேட்காது.

அதனால் டிசம்பர், ஜனவரி அளவுகளைக் குறித்து வைத்தோமே தவிர, அவற்றை வைத்து எந்த முடிவுக்கும் போகவில்லை. ஆய்வுக் காலமாக எடுத்துக்கொண்டது பிப்ரவரி 1 முதல் 60 நாள். மழை இல்லை, வரத்துக் கால்வாய் வறண்டுவிட்டது, மோட்டாரை நிறுத்தி வைக்க ஊர் சம்மதித்தது. குடத்தில் எடுத்துப் போவதை மட்டும் தடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் குடம் எடுத்தாலும் 15 கன மீட்டர்தான். 6 ஹெக்டேர் பரப்பில் அது கால் மி.மீ. அந்தக் கால் மி.மீட்டருக்காகக் குடத்தோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

நீர்மட்டம்: ஒரு கோல் போதாது

தினமும் காலை 8:30க்கு அளவு எடுத்தோம். இங்கே கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வாடைக் காற்று வீசும்போது குளத்துத் தண்ணீர் காற்று போகிற பக்கம் ஒதுங்கும். 300 மீட்டர் நீளம், 2 மீட்டர் ஆழம், மணிக்கு 36 கி.மீ. காற்று என்று கணக்குப் போட்டால், இரண்டு கரைக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. வரை மட்ட வித்தியாசம் வரும். ஒரு நாள் இறக்கமே 12 மி.மீ. என்கிற இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரே ஒரு கோலை வைத்துக்கொண்டு, நேற்றுக் காற்றில் ஓர் அளவும் இன்று காற்றில்லாதபோது ஓர் அளவும் எடுத்தால், காற்று செய்த வேலையைக் கசிவின் கணக்கில் எழுதிவிடுவோம்.

வடகிழக்குக் கரையில் ஒன்று, தென்மேற்குக் கரையில் ஒன்று என்று இரண்டு கோல் நட்டு, சராசரி எடுத்தோம். கோலைச் சுற்றி ஒரு பிவிசி குழாய். அதன் அடிப்பக்கம் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ஒரு துளை. அலை வெளியே அடித்துக்கொண்டிருந்தாலும் குழாய்க்குள் நீர் அசையாது. அந்த அமைதியான நீரில், கொக்கி போல வளைந்த முனையை அடியிலிருந்து மெல்ல மேலே ஏற்ற வேண்டும். முனை நீரின் மேல்தோலைத் தொடும் அந்தக் கணத்தில் தண்ணீர் ஒரு சின்னப் புள்ளியாக உப்பும். அங்கே நிறுத்திப் படித்தால் மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை துல்லியம் கிடைக்கும். ஊரில் பிளஸ் டூ முடித்த பெண் ஒருவர் இதை இரண்டே நாளில் பழகிக்கொண்டு, கடைசி வரை அவரே அளவெடுத்தார். நோட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை.

பிப்ரவரி 1 அன்று ஆழம் 2.60 மீட்டர். 60 நாள் கழித்து 1.88 மீட்டர். மொத்த இறக்கம் 72 செ.மீ., நாளுக்குச் சராசரி 12 மி.மீ. அதாவது தினம் 720 கன மீட்டர், 7.2 லட்சம் லிட்டர்.

ஆவியாகிப் போனது: தொட்டி சொன்ன கணக்கு

இந்தியத் தரக் குறியீட்டின்படியான ஆவியளவுத் தொட்டி 1.22 மீட்டர் விட்டமும் 25.5 செ.மீ. ஆழமும் உள்ள செம்புத் தொட்டி. மேலே கம்பி வலை போட்டிருக்கும். வலை இல்லாமல் இந்தப் பக்கம் தொட்டி வைக்கவே கூடாது. மாசியிலேயே காக்கையும் ஆடும் தண்ணீர் தேடி அலைய ஆரம்பித்துவிடும். அவை குடித்ததெல்லாம் ஆவியாதல் என்று கணக்கில் ஏறும். தொட்டியைக் கரைமேல், நிழல் விழாத இடத்தில், மரச்சட்டத்தின் மேல் வைத்தோம். பக்கத்திலேயே ஒரு மழைமானி.

தொட்டி சின்னது. பக்கவாட்டிலும் வெயிலில் சுடும். அதனால் குளத்தைவிட அதில் வேகமாக நீர் குறையும். இதைச் சரிசெய்ய ஒரு குணகத்தால் பெருக்குவது வழக்கம். இந்த வகைத் தொட்டிக்கு 0.8 எடுப்பார்கள். 60 நாளில் தொட்டியில் சராசரி இறக்கம் 6.9 மி.மீ. குணகத்தோடு பெருக்கினால் 5.5 மி.மீ. மொத்தம் 33 செ.மீ. மிச்சம் 39 செ.மீ. கசிவு.

சரி, முடிந்தது என்று எழுந்துவிடலாமா? கூடாது. 0.8 என்பது ஒரு சராசரி. இடத்தையும் பருவத்தையும் பொறுத்து அது 0.7 ஆகவும் இருக்கலாம், 0.9 ஆகவும் இருக்கலாம். அப்படியானால் ஆவியாதல் 4.8 முதல் 6.2 மி.மீ. வரை எங்கும் இருக்கலாம். கசிவை நாம் நேராக அளக்கவில்லை, கழித்து எடுக்கிறோம். ஆவியாதலில் வரும் பிழை அப்படியே கசிவின் தலையில் விழும். அதனால் தொட்டியோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு சாட்சி வேண்டும்.

இரவு முறை என்று ஒன்று உண்டு. வெயில் இல்லாத இரவில் ஆவியாதல் மிகக் குறைவு, ஆகவே இரவு இறக்கம் முழுக்கக் கசிவு என்பார்கள். உள்நாட்டில், காற்றடங்கிய இரவில் அது ஓரளவு சரி. இந்தக் கரையில் இரவிலும் காற்று ஓயாது. பகலில் சூடேறிய தண்ணீர் விடிய விடிய ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் இந்த முறையை நான் இங்கே நம்பவில்லை.

உப்பு சொன்ன சாட்சி

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடும். மண்ணுக்குள் கசிந்து போகும்போதோ, தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே போகும். ஆகவே குளத்து நீரில் குளோரைடு (உப்பின் ஒரு கூறு) ஏறுவது ஆவியாதலால் மட்டுமே. கசிவு எவ்வளவு ஆனாலும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற செறிவை மாற்றாது.

பிப்ரவரி 1 அன்று குளத்தின் ஐந்து இடங்களில் மாதிரி எடுத்துக் கலந்து சோதித்ததில் லிட்டருக்கு 180 மில்லிகிராம் குளோரைடு. 60 நாள் கழித்து 208.

இதை இரண்டு எல்லைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இறங்கிய 72 செ.மீட்டரும் கசிவாகவே போயிருந்தால், செறிவு 180லேயே நின்றிருக்கும். அத்தனையும் ஆவியாகவே போயிருந்தால், 2.60 மீட்டரில் இருந்த உப்பு 1.88 மீட்டருக்குள் சுருங்கி 249 ஆகியிருக்கும். நமக்குக் கிடைத்தது 208. பங்கைக் கண்டுபிடிக்க வழி எளிது. செறிவு விகிதத்தின் மடக்கையை (லாகரிதம்) ஆழ விகிதத்தின் மடக்கையால் வகுக்க வேண்டும். 208ஐ 180ஆல் வகுத்தால் 1.156, அதன் இயல் மடக்கை 0.145. 2.60ஐ 1.88ஆல் வகுத்தால் 1.383, அதன் மடக்கை 0.324. ஒன்றை மற்றதால் வகுக்க 0.45. இறக்கத்தில் நூற்றுக்கு 45 பங்கு ஆவியாதல். அதாவது 32 செ.மீ.

தொட்டி சொன்னது 33. ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு சாட்சிகள் இவ்வளவு நெருங்கி வந்தால் அந்தக் கணக்கை நம்பலாம். சோதனையில் 3 மில்லிகிராம் முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் ஆவியாதலின் பங்கு 40க்கும் 49க்கும் இடையில்தான் நிற்கும். ஆக, பிப்ரவரி, மார்ச்சில் ஆவியாதல் நாளுக்கு ஏறக்குறைய 5.4 மி.மீ., கசிவு 6.6 மி.மீ.

கடற்கரையில் இந்த முறைக்குச் சில எச்சரிக்கைகள் உண்டு. புதுக் குளத்தின் அடிமண் உவர் மண்ணாக இருந்தால் முதலில் உப்பு கரைந்து வரும். டிசம்பரிலேயே தொடங்காததற்கு அதுவும் ஒரு காரணம். கடற்காற்று உப்புத் துளிகளைக் கொண்டுவந்து போடலாம். அப்புறம், வெளியே நிலத்தடி நீர் குளத்தைவிட உயரமாக இருந்தால் உவர்நீர் உள்ளே ஊறி வரும். மூன்றுமே ஆவியாதலைக் கூட்டிக் காட்டும். இங்கே பக்கத்துக் கிணறுகளின் மட்டம் குளத்து மட்டத்துக்குக் கீழேயே இருந்ததைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான் கணக்கை ஏற்றோம்.

கசிவு ஒரே அளவில் நிற்பதில்லை

6.6 மி.மீ. என்பதை 365 நாளால் பெருக்கி ஆண்டுக் கசிவு என்று எழுதிவிடுவார்கள். அது தப்பு. கசிவு, மேலே நிற்கும் தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது. மண்ணுக்குள் நீர் நகர்வதைச் சொல்லும் டார்சி விதிப்படி, மண்ணின் கடத்துதிறனை (மண் எவ்வளவு எளிதில் நீரை விடும் என்ற அளவு) நீர்ச்சரிவால் (நீரின் உயரத்தை அது கடக்கும் மண்ணின் கனத்தால் வகுத்தது) பெருக்கினால் கசிவு. நம் களிமண் விரிப்பு 30 செ.மீ. கனம். மேலே சராசரி 2.24 மீட்டர் தண்ணீர். விரிப்பின் கனத்தையும் சேர்த்து 2.54ஐ 0.30ஆல் வகுத்தால் சரிவு 8.5. கசிவு 6.6 என்றால் கடத்துதிறன் நாளுக்கு 0.78 மி.மீ. இது நல்ல களிமண்ணின் எண். ஊர் பரப்பிய விரிப்பு தன் வேலையைச் செய்கிறது. இந்த விரிப்பு மட்டும் இல்லாமல் வெறும் மணலாக இருந்திருந்தால், தண்ணீர் மாதக்கணக்கில் நின்றே இருக்காது.

இதே எண்ணை வைத்துக் கோடைக்குக் கணக்குப் போட்டோம். ஆழம் 1 மீட்டராகும்போது கசிவு 3.4 மி.மீட்டராகப் பாதியாகிவிடும். ஆவியாதலோ எதிர்த்திசையில் போகும். ஏப்ரலுக்கு 7, மே முதல் ஜூலை வரை 7.5 மி.மீ. என்று எடுத்துக்கொண்டோம். ஆடி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றும் சேர்ந்துகொள்ளும் என்பதால் இது மிகை இல்லை. யாரும் தண்ணீர் எடுக்கவில்லை, கோடை மழையும் இல்லை என்று வைத்துக்கொண்டால், ஏப்ரல் முதல் ஜூலை முடிய ஆவியாகப் போவது 90 செ.மீ., கசியப் போவது 47 செ.மீ. ஜூலை கடைசியில் அரை மீட்டர் மிஞ்சும். பிப்ரவரியிலிருந்து சேர்த்துப் பார்த்தால் ஆவியாதல் 122 செ.மீ., கசிவு 86.

பங்குனி வரை கசிவின் கை ஓங்கியிருந்தது. சித்திரையிலிருந்து வெயிலின் கை. ஊர் தண்ணீருக்கு அலையும் மாதங்களில் குளத்தைக் காலி செய்வது வெயிலும் காற்றும்தான். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு அதை ஒன்றும் செய்ய முடியாது.

கசிந்தது எல்லாம் நஷ்டமா?

குளத்துக்குக் கிழக்கே, ஒரு கூப்பிடு தூரத்தில் ஒரு குடிநீர்க் கிணறு. கோடையில் கரிக்கும் என்று பேர் வாங்கிய கிணறு. மார்ச் கடைசியில் அங்கே நீர் இறைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "இந்த வருசம் கரிக்கல தம்பி, சோறு பொங்கவும் இதத்தான் எடுக்குறோம்" என்றார். கையில் ஒரு வாய் ஊற்றிக் குடித்துப் பார்க்கச் சொன்னார். உண்மைதான்.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கூடுதல் கனம். அதனால் கடற்கரை மணலுக்குள் நன்னீர் உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் 10 செ.மீ. நன்னீர் நின்றால், கீழே 4 மீட்டர் வரை உவர்நீரை அழுத்தி வைக்கும். ஒன்றுக்கு நாற்பது. பிப்ரவரி, மார்ச்சில் இந்தக் குளத்திலிருந்து மண்ணுக்குள் போனது ஏறக்குறைய 24,000 கன மீட்டர். அதில் ஒரு பகுதி கடலுக்குப் போயிருக்கும். ஒரு பகுதிதான் அந்த அம்மாவின் குடத்தில் இருந்தது. குளத்தின் கணக்கில் அது செலவு, ஊரின் கணக்கில் வரவு. இதனால் அடியில் ஷீட் விரிப்பதற்கு எதிராக நான் உறுதியாகவே பேசினேன். விரித்தால் மிச்சமாவது அதிகபட்சம் 86 செ.மீ. அந்த மிச்சத்துக்கு விலை, சுற்றுவட்டக் கிணறுகள் மறுபடி கரிக்கத் தொடங்குவது.

வெயிலிடம் இருந்து எப்படிக் காப்பது

பரப்பைக் குறைப்பதுதான் வழி. ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்கள் அகலத்துக்குப் பேர்போனவை. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். பாசனத்துக்கு, ஒரு போகம் நெல்லுக்கு, அந்த அகலம் சரி. தை, மாசிக்குள் நீர் வயலுக்குப் போய்விடும். கோடை முழுக்கக் குடிநீரைப் பிடித்துவைக்க வேண்டிய குளத்துக்கு அகலம் எதிரி.

நீர்ப்பரப்பில் செட்டைல் ஆல்கஹால் தூவி மெல்லிய படலம் உண்டாக்கும் முறை பற்றி இளைஞர்கள் கேட்டார்கள். காற்று கூடினால் அந்தப் படலம் கிழிந்து ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். 2017 ஏப்ரலில் வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாக்கோல் அட்டைகளும் காற்றில் கரை ஒதுங்கியது நினைவிருக்கும். நீரை மூட வேண்டும் என்ற எண்ணம் சரியானதுதான். காற்றுக்கு நிற்கிற மூடியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மிதக்கும் சூரியத் தகடுகள் நிற்கும், ஆனால் இந்த ஊரின் கைக்கு இப்போது எட்டாது.

ஆகவே நான் சொன்னது குறுக்குக் கரை. குளத்தை 3 ஹெக்டேர் வீதம் இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு மடை. ஏப்ரலிலிருந்து ஊர்த் தேவைக்கு மேற்குப் பாதியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். அது வற்றியதும் பரப்பு பாதியாகும். மே நடுவில் ஆழம் 1.33 மீட்டராக இருக்கும்போது, அதே தண்ணீரை ஒரு பாதியில் 2.66 மீட்டராக நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆவியாதல் நாளுக்கு 450 கன மீட்டரிலிருந்து 225 ஆகும். கசிவு பெரிதாக மாறாது. பரப்பு பாதியானாலும் ஆழம் இரட்டிப்பதால் 254 கன மீட்டர் 231 ஆகும், அவ்வளவே. மிச்சம் தினமும் 2 லட்சம் லிட்டருக்கு மேல். மோட்டார் வைத்து ஒரு பாதியிலிருந்து மற்றதற்கு மாற்றினால் இந்த முழுப் பலனும் கிடைக்கும். முதலில் ஒரு பாதியைப் பயன்படுத்தித் தீர்ப்பதில் பலன் மெதுவாகத்தான் வரும், ஆனால் டீசல் செலவு இல்லை. ஊர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது.

கூடவே காற்றைத் தடுக்கக் கரையில் இரண்டு வரிசைப் பனை நடுவதாகவும், கரைச்சரிவில் முளைத்துவிட்ட சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பதாகவும் முடிவானது.

அடுத்த மழைக்குக் குளம் நிறைந்ததும் இதே அளவுகளைத் திரும்ப எடுக்க வேண்டும். வண்டல் படிந்தால் கடத்துதிறன் 0.78க்குக் கீழே இறங்கலாம். கோடையில் அடி காய்ந்து களிமண் வெடித்தால் அது ஏறவும் ஏறும். ஏறாமல் இருக்க, கிழக்குப் பாதியிலாவது கடைசி அரை மீட்டரை எக்காரணம் கொண்டும் இறைக்காமல் விரிப்பின்மேல் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பாதிக்கும் தனித்தனிக் கோல், கிழக்குக் கிணற்றில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மட்டமும் குளோரைடும். நோட்டு அதே பெண்ணிடம்தான் இருக்கிறது.